சென்டிரியான் பெர்ஹாட்: தொடங்க எவ்வளவு, ஆண்டுதோறும் நடத்த எவ்வளவு?

மலேசியாவில் நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் கம்பெனி பதிவு செய்ய 1,000 ரிங்கிட். பெயரை ஒதுக்கி வைக்க 50 ரிங்கிட். இந்த இரண்டு தொகையை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரம்பு நிறுவனம்) தொடங்குபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இரண்டாம் ஆண்டில் செகரட்டரியிடமிருந்தும் கணக்கரிடமிருந்தும் பில் வரும்போதுதான் உண்மையான செலவு தெரிகிறது. சின்னக் கம்பெனி என்றாலும், கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஆண்டுக்குச் சில ஆயிரம் ரிங்கிட் கட்டியே ஆகவேண்டும். அந்தத் தொகையை முதலில் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பதிவுக்குப் போவதுதான் சரியான வரிசை.

கீழே உள்ள அரசுக் கட்டணங்கள் விதிகளில் உள்ளவை. செகரட்டரி, கணக்கர், தணிக்கையாளர் கட்டணங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் சிறு நிறுவனங்களிடம் பொதுவாகக் கேட்கப்படும் விலை. அலுவலகத்துக்கு அலுவலகம் கூடும், குறையும். பினாங்கிலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

கம்பெனி வேண்டுமா, எண்டர்பிரைஸ் போதுமா?

தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு மிக மலிவானது எண்டர்பிரைஸ் பதிவு. சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயரில் என்றால் 60. தணிக்கை இல்லை, செகரட்டரி இல்லை. ஆனால் தொழிலின் கடன் எல்லாம் உங்கள் கடன். வீடு, கார், வங்கிச் சேமிப்பு எதற்கும் பாதுகாப்பு இல்லை.

நடுவில் ஒன்று இருக்கிறது: பிஎல்டி, அதாவது வரம்புக்குட்பட்ட பொறுப்புள்ள பங்காளி நிறுவனம். 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த இதற்குக் குறைந்தது இரண்டு பங்காளிகள் வேண்டும். பதிவுக்கு 500 ரிங்கிட், ஆண்டு அறிக்கைக்கு 200. கட்டாயத் தணிக்கை கிடையாது. பொறுப்பும் வரம்புக்குட்பட்டது. இரண்டு நண்பர்கள் சேர்ந்து டியூஷன் மையமோ கேட்டரிங்கோ நடத்தினால் இதைக் கட்டாயம் யோசிக்கவேண்டும். பெரிய நிறுவனங்களிடம் குத்தகை கேட்பவர்களும், வெளியிலிருந்து முதலீடு வாங்க நினைப்பவர்களும் மட்டும் நேராகச் சென்டிரியான் பெர்ஹாட்டுக்குப் போகலாம்.

"கம்பெனி வைத்தால் வரி குறையும்" என்பது எல்லாரும் சொல்வது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரி விதிக்கத்தக்க வருமானம் 100,000 ரிங்கிட் என்றால், தனிநபராக நீங்கள் கட்டும் வரி 9,400. அதே தொகையைக் கம்பெனி லாபமாக வைத்தால், சிறு நிறுவனங்களுக்கான 15% விகிதத்தில் 15,000. கம்பெனிதான் அதிகம் கட்டுகிறது! வருமானம் 200,000 ஆகும்போது தனிநபர் வரி 34,400. கம்பெனியில் முதல் 150,000-க்கு 15 விழுக்காடு, மீதிக்கு 17 விழுக்காடு, ஆக 31,000. மிச்சம் 3,400 ரிங்கிட். அது ஆண்டுச் செலவுக்கே போதாது.

உண்மையான சேமிப்பு சம்பளத்தையும் லாபத்தையும் பிரிப்பதில் இருக்கிறது. அதே 200,000-இல், உங்கள் சம்பளத்தில் கழிவுகள் போக வரிக்கு 70,000 வரும்படி வைத்து, மீதி 130,000-ஐக் கம்பெனியில் விட்டால், உங்கள் வரி 3,700, கம்பெனி வரி 19,500. மொத்தம் 23,200. தனிநபராகக் கட்டுவதைவிட 11,200 குறைவு. அதனால் ஆண்டு லாபம் ஒரு லட்சத்துக்குள் இருக்கும்போது வரிக்காக மட்டும் கம்பெனி தொடங்குவதில் பயனில்லை. ஒன்றரை, இரண்டு லட்சம் என்று நிலையாக வரும்போதுதான் கணக்கு உங்கள் பக்கம் சாய்கிறது. 15, 17 விழுக்காடு விகிதம் கிடைக்க, செலுத்திய மூலதனம் 25 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் போகக்கூடாது, மொத்த வருமானம் 5 கோடியைத் தாண்டக்கூடாது, வெளிநாட்டவர் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தகுதி இல்லையென்றால் முழுத் தொகைக்கும் 24 விழுக்காடு.

கம்பெனியில் விட்ட லாபத்தைப் பிறகு ஈவுத்தொகையாக எடுக்கும்போது, 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல், ஒருவருக்கு ஆண்டில் 100,000 ரிங்கிட்டுக்கு மேல் வரும் பகுதிக்கு 2 விழுக்காடு வரி உண்டு. சிறு தொழிலருக்கு இது பெரும்பாலும் வராது.

பதிவு செய்யும் படிகள்

முதல் படி பெயர். எஸ்எஸ்எம் இணையத்தில் தேடிப் பார்க்கச் செலவில்லை. 50 ரிங்கிட் கட்டினால் 30 நாள் ஒதுக்குவார்கள். நீட்டிக்க ஒவ்வொரு 30 நாளுக்கும் இன்னொரு 50. "டிராஜா" (அரச), "பேங்க்" போன்ற சொற்கள் இருந்தால் உரிய துறையின் ஒப்புதல் கேட்பார்கள். பெயர் நிராகரிக்கப்படுவதற்கு மிகச் சாதாரணக் காரணம், ஏற்கெனவே இருக்கும் பெயரோடு ஒட்டியிருப்பது. "ஸ்ரீ", "முருகன்", "லட்சுமி" என்று தொடங்கும் பெயர்கள் ஏராளம் பதிவாகிவிட்டன. மூன்று பெயராவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் உறுதியாகும் முன் பலகை, கார்டு எதுவும் அச்சடிக்காதீர்கள்.

இரண்டாவது, இயக்குநர். 2016 நிறுவனச் சட்டம் 2017 ஜனவரி 31-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, ஒரே ஆள் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருந்து கம்பெனி நடத்தலாம். வயது 18 நிறைந்திருக்கவேண்டும், மலேசியாவில் குடியிருக்கவேண்டும், திவால் நிலையில் இருக்கக்கூடாது. திவாலான அண்ணனுக்காக மச்சான் பெயரிலோ மனைவி பெயரிலோ கம்பெனி திறப்பது நம்மிடையே நடக்கிற ஒன்று. அப்படிச் செய்தால் சட்டத்தின் முன் பதில் சொல்லவேண்டியவர் பெயர் கொடுத்தவர்தான். 2024 ஏப்ரல் 1 முதல், கம்பெனியை உண்மையில் யார் கட்டுப்படுத்துகிறார், யார் பயனடைகிறார் என்ற விவரத்தையும் எஸ்எஸ்எம்மின் இ-பிஓஎஸ் (e-BOS) இணைய அமைப்பில் பதிந்தாகவேண்டும். இனிமேல் மறைத்து நடத்துவது எளிதல்ல.

மூன்றாவது, மூலதனம். சட்டப்படி 1 ரிங்கிட் போதும். நடைமுறையில் அது போதாது. 1 ரிங்கிட் மூலதனத்தோடு வங்கிக்கோ சப்ளையரிடமோ கடன் கேட்டுப் போனால் முகம் கொடுக்கமாட்டார்கள். கட்டுமானத் தொழிலில், கட்டுமான வாரியமான சிஐடிபியின் ஜி1 தரப் பதிவுக்கு 5,000, ஜி3-க்கு 50,000 மூலதனம் காட்டவேண்டும். வெளிநாட்டு அதிகாரிகளுக்கு வேலை அனுமதி வாங்க, முழுக்க உள்ளூர்க் கம்பெனி என்றாலும் 250,000 கேட்கிறார்கள். சாதாரணத் தொழிலுக்கு 1,000 முதல் 10,000 வைத்துத் தொடங்குங்கள். வேண்டும்போது கூட்டுவது எளிது, குறைப்பது கடினம். மூலதனம் என்பது எஸ்எஸ்எம்முக்குக் கட்டும் பணம் அல்ல. கம்பெனி வங்கிக் கணக்கில் போட்டு, தொழிலுக்கே செலவழிக்கலாம்.

பிறகு எஸ்எஸ்எம்மின் மைகோஐடி இணையத்தளத்தில் சூப்பர் படிவம் எனப்படும் பதிவுப் படிவத்தை நிரப்பி 1,000 ரிங்கிட் கட்டவேண்டும். விவரம் சரியாக இருந்தால் ஓரிரு வேலை நாளில் பதிவு அறிவிப்பு வந்துவிடும். நேரில் கேட்க வேண்டியிருந்தால் தலைமை அலுவலகம் கேஎல் சென்ட்ரலில், மெனாரா எஸ்எஸ்எம்மில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போகலாம். கம்பெனி அமைப்பு விதி எழுதுவது இப்போது கட்டாயமில்லை. பங்காளிகள் பலர் இருந்தால் எழுதுவது நல்லது. தனி ஆளுக்கு அந்தச் செலவு வேண்டாம். முத்திரை செய்வதும் கட்டாயமில்லை, ஆனால் வங்கிகள் ரப்பர் ஸ்டாம்பு கேட்கும்.

செகரட்டரி அலுவலகத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தால் "பேக்கேஜ்" என்று 1,500 முதல் 2,500 ரிங்கிட் வரை கேட்பார்கள். இதில் 1,050 அரசுக் கட்டணம், மீதி அவர்கள் கூலி. பேக்கேஜில் என்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். பங்குச் சான்றிதழ், சட்டப் பதிவேடு, வங்கிக் கணக்கு திறக்கும் தீர்மானம், உண்மையான உரிமையாளர் பதிவு ஆகிய நான்கும் அதில் இல்லையென்றால் பிறகு தனித்தனியாகப் பில் வரும்.

செகரட்டரி: இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்

கம்பெனி பதிவான 30 நாளுக்குள் தகுதி பெற்ற செயலாளர் ஒருவரை நியமிக்கவேண்டும். பிறகும் அந்த இடம் 30 நாளுக்கு மேல் காலியாக இருக்கக்கூடாது. உங்கள் தம்பியோ கணக்கு எழுதும் பெண்ணோ ஆக முடியாது. தொழில்முறை அமைப்பு ஒன்றின் உறுப்பினராகவோ எஸ்எஸ்எம் உரிமம் பெற்றவராகவோ இருக்கவேண்டும்.

மாதக் கட்டணம் 60 முதல் 150 ரிங்கிட். பதிவு அலுவலக முகவரியும் பெரும்பாலும் இதில் சேரும். மாதம் 60 என்று கேட்டவுடன் மலிவு என்று கையெழுத்திடாதீர்கள். ஒரு தீர்மானம் எழுத எவ்வளவு, இயக்குநர் மாற எவ்வளவு, பங்கு மாற்ற எவ்வளவு, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய எவ்வளவு, தபால், நகல் செலவு எவ்வளவு என்று கேட்டு, விலைப்பட்டியல் வாங்குங்கள். மாதம் 60 வாங்கி ஒவ்வொரு தீர்மானத்துக்கும் 100 வாங்குபவரைவிட, மாதம் 120 வாங்கி வழக்கமான தீர்மானங்களை அதிலேயே செய்து தருபவர் மலிவு.

இரண்டு ஆண்டு கட்டணம் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? செகரட்டரி தாக்கல் செய்வதை நிறுத்துவார், பிறகு விலகுவார். வேறு செகரட்டரியிடம் போனால், பாக்கி தீராமல் பதிவேடுகள் கைக்கு வருவது இழுபடும். புதியவர் விட்டுப்போன ஆண்டுகளைச் சரிசெய்யத் தனிக் கட்டணம் கேட்பார். எஸ்எஸ்எம் தாமதக் கட்டணம் அதற்கு மேல். கம்பெனி தூங்கிக்கொண்டிருந்தாலும் செகரட்டரி கட்டணம் தூங்காது என்பதை நினைவில் வையுங்கள்.

இயக்குநர் மாறினாலும் பதிவு முகவரி மாறினாலும் 14 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். வீடு மாறியதைக்கூடச் செகரட்டரிக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்.

வங்கியும் உரிமமும்

கம்பெனி கணக்கு திறக்க இயக்குநர்கள் எல்லாரும் நேரில் வரவேண்டும் என்று பெரும்பாலான வங்கிகள் கேட்கும். ஆரம்ப வைப்பு வங்கியைப் பொறுத்து 1,000 முதல் 3,000 வரை. இந்தக் கணக்கு வந்த நாளிலிருந்து விற்பனைப் பணத்தைச் சொந்தக் கணக்கில் வாங்கவே கூடாது. வாடிக்கையாளர் உங்கள் பெயருக்குப் போடும் ஒவ்வொரு 50 ரிங்கிட்டும் ஆண்டு முடிவில் கணக்கரின் நேரத்தைத் தின்னும், அந்த நேரத்துக்கு நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள்.

எஸ்எஸ்எம் பதிவு என்பது கடை திறக்கும் அனுமதி அல்ல. கோலாலம்பூரில் மாநகராட்சியான டிபிகேஎல்லிடம் வளாக உரிமமும் விளம்பரப் பலகை உரிமமும் தனியாக எடுக்கவேண்டும். பினாங்குத் தீவில் எம்பிபிபி, பட்டர்வொர்த், பிறை பக்கம் எம்பிஎஸ்பி. தொழில் வகை, இடத்தின் பரப்பளவு, பலகையின் அளவு இவற்றைப் பொறுத்துக் கட்டணம் மாறும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். பலகையில் மலாய்மொழி முதன்மையாகப் பெரிதாக இருக்கவேண்டும், தமிழ் எழுத்து அதைவிடச் சிறியதாக. பலகையின் மலாய் வாசகத்துக்கு மலாய்மொழி அமைப்பான டிபிபியின் ஒப்புதலும் வேண்டும். பலகையைச் செய்து மாட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் இரண்டு முறை செலவு. உணவுத் தொழிலில் ஊழியர் ஒவ்வொருவருக்கும் டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஆண்டுதோறும் வரும் செலவு

ஒவ்வோர் ஆண்டும், கம்பெனி பதிவான அதே தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆண்டு அறிக்கை தரவேண்டும். கட்டணம் 150 ரிங்கிட். நிதி அறிக்கை வேறு: நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் தயாரித்துப் பங்குதாரருக்குக் கொடுத்து, அடுத்த 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் சேர்க்கவேண்டும். கட்டணம் 50 ரிங்கிட். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ஆண்டு அறிக்கை தராவிட்டால் நீதிமன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. நிதி அறிக்கையை எஸ்எஸ்எம்மின் எம்பிஆர்எஸ் என்ற மின்வடிவில் மாற்றித் தாக்கல் செய்வதற்குப் பல அலுவலகங்கள் 200 முதல் 500 வரை தனியாக வாங்குகின்றன.

நிதியாண்டு முடிவைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். முதல் நிதி அறிக்கைக்குச் சட்டம் பதிவிலிருந்து 18 மாதம் அவகாசம் தருகிறது. அக்டோபரில் பதிவு செய்துவிட்டு அதே ஆண்டு டிசம்பரில் கணக்கு முடித்தால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முழு ஆண்டின் கணக்கு, தணிக்கைச் செலவு விழும். அடுத்த ஆண்டு டிசம்பர் 31 என்று வைத்தால் முதல் கணக்கு ஏறத்தாழ 15 மாதத்தை உள்ளடக்கும். ஒரு செலவு மிச்சம்.

தணிக்கையில் இப்போது நல்ல சலுகை வந்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு எஸ்எஸ்எம் படிப்படியாக விலக்கை விரித்திருக்கிறது. 2025-இல் தொடங்கும் ஆண்டுக்கு வருமானம் 10 லட்சம், சொத்து 10 லட்சம், ஊழியர் 10 பேர் என்ற மூன்று வரம்பில் ஏதேனும் இரண்டுக்குள் இருந்தால் போதும். 2026-இல் தொடங்கும் ஆண்டுக்கு 20 லட்சம், 20 லட்சம், 20 பேர். 2027 முதல் 30 லட்சம், 30 லட்சம், 30 பேர். நடப்பு ஆண்டோடு முந்தைய இரண்டு ஆண்டுகளும் பார்க்கப்படும். ஆனால் விலக்கு தணிக்கைக்கு மட்டும்தான், நிதி அறிக்கைக்கு அல்ல. தணிக்கை செய்யாத அறிக்கையைத் தயாரித்துத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். வங்கிக் கடன் வாங்கும் திட்டம் இருந்தால் தணிக்கையைத் தொடர்வது நல்லது. மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை கேட்கும்போது பின்னோக்கிச் செய்வது அதிகச் செலவு.

வருமான வரிக்கு ஃபார்ம் சி, நிதியாண்டு முடிந்த ஏழு மாதத்துக்குள். தொழில் நடக்காத கம்பெனியும் தரவேண்டும். அதோடு ஊழியர் சம்பள விவரம் தரும் ஃபார்ம் இ, மார்ச் 31-க்குள். புதிய சிறு நிறுவனங்களுக்கு முதல் இரண்டு மதிப்பீட்டு ஆண்டுகளில் மாதத் தவணை இல்லை. இதை "வரி இல்லை" என்று புரிந்துகொண்டு பணத்தைச் செலவழித்துவிட்டால், ஃபார்ம் சி தரும் நேரத்தில் மொத்த வரியும் ஒரே தடவையில் கட்டவேண்டி வரும். மாதாமாதம் லாபத்தில் 15 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து சிபி204 படிவத்தில் வரி மதிப்பீடு தந்து தவணை கட்டவேண்டும். உண்மையான வரி மதிப்பீட்டைவிடக் கூடும் தொகை, அந்த உண்மையான வரியில் 30 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 10 விழுக்காடு அபராதம்.

இப்போது ஒரு கணக்கு. செந்தூலில் மசாலாத் தூள் விற்கும் கம்பெனி, ஆண்டு விற்பனை 240,000, இயக்குநர் ஒருவர் மட்டும், தணிக்கை விலக்கு உண்டு. செகரட்டரி மாதம் 80 என்றால் 960. ஆண்டு அறிக்கைக் கட்டணம் 150, அதைச் செய்து தரும் கூலி 300. நிதி அறிக்கைக் கட்டணம் 50, எம்பிஆர்எஸ் 300. கணக்கு எழுத மாதம் 300, ஆண்டுக்கு 3,600. நிதி அறிக்கை தயாரிக்க 1,000. வரித் தாக்கல் 1,200. மொத்தம் 7,560, அதாவது மாதம் 630 ரிங்கிட். விலக்கு இல்லாமல் தணிக்கையும் செய்தால், நிதி அறிக்கைக்குரிய 1,000 இருந்த இடத்தில் 3,000 வரும், மொத்தம் 9,560. பில்களை மாதாமாதம் அடுக்கி, வங்கி அறிக்கையோடு ஒத்துப் பார்த்துக் கொடுத்தால் கணக்கு எழுதும் கட்டணத்தைப் பாதியாகப் பேசலாம். பிளாஸ்டிக் பையில் ரசீதுகளைக் கொட்டி ஆண்டு முடிவில் கொண்டுபோய்க் கொடுத்தால் அது இரட்டிப்பாகும். ஆதாரங்களை ஏழு ஆண்டு வைத்திருக்கவேண்டும். செகரட்டரி, வரித் தாக்கல் கட்டணங்களுக்குச் சேர்த்து ஆண்டுக்கு 15,000 ரிங்கிட் வரை வரிக்கழிவு உண்டு. பதிவுச் செலவையும் சிறு நிறுவனங்கள் கழிக்கலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

சம்பளம் எடுத்தால் அதோடு ஊழியர் சேமநிதியான இபிஎஃப் சேரும்: 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்குக் கம்பெனி 13 விழுக்காடு, நீங்கள் 11. இது உங்கள் பெயரில் சேரும் பணம்தான், ஆனாலும் கம்பெனியின் கைச்செலவில் மாதாமாதம் போகும். ஊழியர் வைத்தால் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), இஐஎஸ் (வேலை இழப்புக் காப்பீடு), குறைந்தபட்சச் சம்பளம் 1,700. சேவைத் தொழிலில் 12 மாத வருமானம் 500,000-ஐத் தாண்டினால் பெரும்பாலான சேவைகளுக்கு சேவை வரிப் பதிவு வரும். 10 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை விற்பவர்களுக்கு மின்பில் (இ-இன்வாய்ஸ்) முறை 2026 ஜனவரி 1 முதல் வந்துவிட்டது.

கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பழக்கம் எண்டர்பிரைஸில் சிக்கலில்லை. கம்பெனியில் அது இயக்குநர் வாங்கிய கடன். அதற்கு வட்டி வந்ததாகக் கருதி, கம்பெனியின் வருமானமாக வரி போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பாதுகாப்பு எங்கே முடிகிறது

இவ்வளவு செலவழிப்பது சொந்தச் சொத்தைக் காக்கத்தான். ஆனால் வங்கிக் கடனுக்கும் கடை வாடகைக்கும் இயக்குநரின் சொந்த உத்தரவாதக் கையெழுத்து கேட்பார்கள். போட்டால் அந்தக் கடனுக்குக் கம்பெனி என்ற சுவர் இல்லை. 20 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் இயக்குநரிடம் கம்பெனி கட்டாத வருமான வரியை வருமான வரி வாரியம் நேராக வசூலிக்கலாம், வெளிநாடு போவதைத் தடுக்கவும் முடியும். கட்டாத இபிஎஃப் தொகைக்கும் இயக்குநர்கள் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. பணம் குறைவாக இருக்கும் மாதத்தில் எதை முதலில் கட்டுவது என்று தடுமாறினால், இபிஎஃப்பும் வரியும் முதலில்.

மூடும்போது

தொழில் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் கம்பெனியை அப்படியே விட்டுவிடாதீர்கள். தாக்கல்கள் நின்றாலும் கடமைகள் நிற்காது, அபராத அறிவிப்பு இயக்குநர் வீட்டுக்கு வரும். கடனும் சொத்தும் இல்லாத கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்க எஸ்எஸ்எம்மிடம் விண்ணப்பிக்கலாம். செகரட்டரி கூலி ஏறத்தாழ 1,000 முதல் 1,500. அதற்கு முன் வங்கிக் கணக்கை மூடி, பாக்கி ஆண்டு அறிக்கைகளை முடித்து, வரி, இபிஎஃப், சொக்சோ நிலுவைகளைத் தீர்த்திருக்கவேண்டும். கடன் பாக்கி இருந்தால் இந்த வழி அடைபடும். கலைப்பாளரை நியமித்து முறையாகக் கலைக்க வேண்டியிருக்கும், அதற்குப் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். அதனால் மூடுவதாக முடிவெடுத்த மாதமே செகரட்டரியிடம் சொல்லி, அடுத்த ஆண்டு அறிக்கைத் தேதிக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.